நுனியை மூட வேண்டும்

இறைச்சித் துண்டுகளைக் குச்சியில் கோத்துக் கரியில் சுடுகிற சாத்தே கடை முன்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் பார்ப்பது விசிறுகிற ஆளைத்தான். கொழுப்பு கங்கில் சொட்டிச் சுர்ரென்று சத்தம் வரும், புகை கிளம்பும், அவர் ஒரு கையால் குச்சிகளைக் கொத்தாகப் புரட்டிக்கொண்டே இன்னொரு கையால் ஓலை விசிறியை ஆட்டுவார். சுற்றுலா வந்தவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடிப்பார்கள். நானும் நின்று பார்ப்பேன், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் தட்டு மேசைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது வேறு. ஒரு குச்சியை எடுத்து அதன் நுனியை விரலால் தொட்டுப் பார்ப்பேன். கூர்முனை இறைச்சிக்குள் ஒளிந்திருக்கிறதா, வெளியே நீட்டிக்கொண்டு கருகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். கோத்த கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

எண்பதுகளில் நாங்கள் சிங்கப்பூரில், தோ பாயோ அடுக்குமாடி வீடுகளில் குடியிருந்தோம். ஆறாவது மாடி, நீளமான பொது நடைபாதை. எங்கள் வீடு ஒரு கோடியில், பக்கத்தில் ஒரு ஹைனானியச் சீனக் குடும்பம், அதற்கடுத்தது மாக் சிக் வீடு. மலாய்க்காரர்களில் வயதில் மூத்த பெண்ணை மாக் சிக் என்றும் ஆணைப் பாக் சிக் என்றும் கூப்பிடுவோம், நம் அத்தை மாமா மாதிரி. கடலோரம் எஸ்பிளனேட் பக்கம் சாத்தே கடைகள் ஒன்றாகக் கூடியிருந்த இடத்துக்குச் சாத்தே கிளப் என்று பெயர். பாக் சிக்குக்கு அங்கே ஒரு கடை. சாயங்காலம் கடை திறப்பார், நள்ளிரவு தாண்டித்தான் வீடு திரும்புவார். அவர் அங்கே சுட்டது எல்லாம் எங்கள் நடைபாதையில் பகலில் கோத்தது.

காலையில் சந்தையிலிருந்து கோழியும் ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் வந்து இறங்கும். மாக் சிக் சின்ன வெங்காயம், செராய் என்கிற எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டு, லெங்குவாஸ் என்கிற பேரரத்தை, மஞ்சள், மல்லி, சீரகம் எல்லாவற்றையும் அரைத்து, சீனியும் உப்பும் சேர்த்துப் பிசைந்து வைப்பார். சீனி தாராளமாகவே போடுவார். நெருப்பில் அது உருகிப் பிடித்தால்தான் ஓரம் பொன்னிறமாகக் கருகும், அந்தக் கருகலில்தான் பாதி ருசி. இரண்டு மணி வாக்கில் பெண்கள் வந்து சேருவார்கள். மாக் சிக்கின் நாத்தனார், நான்காம் மாடியிலிருந்து ஒரு பாட்டி, பக்கத்துப் புளோக்கிலிருந்து இரண்டு பேர். தரையில் செய்தித்தாளை விரித்து, நடுவில் இறைச்சிப் பேசின், ஆளுக்கொரு கட்டுக் குச்சி. மலாய் வானொலி ஓடிக்கொண்டிருக்கும். நூறு குச்சிக்கு இவ்வளவு என்று கணக்கு. வாரநாளில் ஆயிரம் குச்சி, சனிக்கிழமை அதில் ஒன்றரை மடங்கு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விட்டு வந்தால் அம்மா என்னையும் அங்கேதான் கூட்டிப் போவார். முதல் நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் எனக்கும் ஒரு கட்டுக் குச்சி கொடுத்தார்கள். வெகு வேகமாக இருபது கோத்து அடுக்கினேன். மாக் சிக் ஒன்றும் சொல்லாமல் இருபதையும் எடுத்து, ஒவ்வொன்றாக இறைச்சியை உருவித் திரும்பப் பேசினில் போட்டார். எனக்குக் கண்ணீர் முட்டியது. அப்புறம் என் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தார்.

துண்டு கட்டைவிரல் நகத்தளவு இருக்க வேண்டும். தசைநார் ஓடுகிற போக்குக்குக் குறுக்கே வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் இழுக்கும். துண்டின் நடுவில் ஒரே குத்தாகக் குத்தினால் போயிற்று. சுடும்போது குச்சியைத் திருப்பினால் குச்சி மட்டும் சுழலும், இறைச்சி அப்படியே நிற்கும், ஒரு பக்கம் கரியும் மறுபக்கம் பச்சையுமாகப் போகும். துணியில் நூலோட்டுவது போல உள்ளே விட்டு வெளியே எடுத்து மறுபடி உள்ளே விட வேண்டும். மெலிந்த துண்டுகளுக்கு இடையே ஒரு துளி கொழுப்பு. துண்டுகளை நெருக்கித் தள்ளவும் கூடாது, இடைவெளி விடவும் கூடாது. கடைசித் துண்டு குச்சியின் முனையை முழுவதும் மூட வேண்டும். "ஹூஜோங் மெஸ்தி துத்தோப்" என்று அன்றைக்கு அவர் எத்தனை தடவை சொன்னாரோ. நுனியை மூட வேண்டும். மூடாவிட்டால் அங்கே முதலில் தீப்பிடிக்கும், சாப்பிடுகிற பிள்ளையின் உதட்டில் குத்தும். கீழே பிடிக்கிற அளவுக்குக் குச்சி வெறுமையாக இருக்க வேண்டும். சுடுகிற தொட்டி ஏன் அவ்வளவு ஒடுக்கமாக இருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது. இறைச்சி மட்டும் நெருப்புக்கு மேலே, பிடி வெளியே.

அந்தக் காலத்தில் மூங்கில் குச்சி வந்துவிட்டது. ஆனால் நான்காம் மாடிப் பாட்டி தென்னை ஈர்க்கில் கோத்து வளர்ந்தவர். ஈர்க்கு வளைந்து கொடுக்கும், அதனால் கை இன்னும் மெதுவாகப் போக வேண்டும் என்பார். எங்கள் ஊரில் விளக்குமாறு கட்டுகிற ஈர்க்குதானே என்று அம்மா கேட்க, அதேதான் என்று பாட்டி சொல்ல, அன்றைக்கு இருவரும் பாதி மலாயிலும் பாதி சைகையிலுமாகத் தென்னையைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசியிருப்பார்கள். அம்மாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். கீற்று முடைந்து பழகிய கை. சாத்தேயோடு சாப்பிடுகிற கெத்துப்பாட்டுக்குக் குருத்தோலையில் சின்னச் சதுரக் கூடு பின்ன வேண்டும். அதில் அரிசியைப் பாதிக்குச் சற்று மேலே நிரப்பி மணிக்கணக்கில் வேகவைத்தால், அரிசி விரிய இடமில்லாமல் தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு கட்டியாகிவிடும். அம்மா அந்தக் கூட்டை ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டார். அதற்கடுத்த வாரத்திலிருந்து கெத்துப்பாட் பின்னும் வேலை அம்மாவுடையது. எங்களுக்குச் சம்பளமாக வந்தது பணமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், சாத்தேயைத் தொட்டுத் தின்கிற நிலக்கடலைக் குழம்பு ஒரு பாத்திரம் வரும், அதை அம்மா தோசைக்குத் தொட்டுக்கொள்ள வைப்பார்.

பள்ளியில் தமிழாசிரியை என் நகங்களைப் பார்த்துவிட்டு, "வீட்டில் என்ன விசேஷம், கையெல்லாம் மஞ்சளாக இருக்கிறதே?" என்று கேட்டார். சாத்தே கோத்தேன் டீச்சர் என்றேன். எத்தனை குச்சி என்று கேட்டார். எழுபது என்று சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை இப்போதும் மறக்கவில்லை.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை எங்களை எஸ்பிளனேடுக்கு அழைத்துப் போவார். பேருந்தை விட்டு இறங்கும்போதே கடல்காற்றோடு புகை மணம் வந்துவிடும். கடைக்காரர்களின் பிள்ளைகள் ஓடி வந்து தங்கள் கடைக்கு வரச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நாங்கள் நேரே பாக் சிக்கிடம் போவோம். அப்பா தன் பாசார் மலாயில், அதாவது சந்தையில் பேசுகிற மலாயில், "ஆயாம் செப்புலோ, கம்பிங் செப்புலோ" என்பார். கோழி பத்து, ஆடு பத்து. பாக் சிக் பதிலுக்கு அம்மாவைப் பார்த்து, கெத்துப்பாட் யார் செய்தது என்று கேட்பார். மாதாமாதம் கேட்பார், அம்மாவும் மாதாமாதம் சிரிப்பார்.

அப்பா வாலிபத்தில் சாப்பிட்ட சாத்தே கிளப் வேறு இடத்தில் இருந்தது. 1940களில் பீச் ரோட்டை ஒட்டிய ஹோய் ஹவ் ரோட்டில் தொடங்கியது அது. அருகில் திரையரங்குகள் இருந்ததால் படம் விட்டதும் கூட்டம் அங்கேதான் போகும். அதற்கும் முன்னால் மலாய், ஜாவானிய வியாபாரிகள் காவடி போலத் தோளில் தடியைப் போட்டு, ஒரு பக்கம் கரியடுப்பும் மறுபக்கம் குழம்புச் சட்டியுமாகத் தெருத் தெருவாகத் தூக்கிக்கொண்டு போனவர்கள். கூப்பிட்டால் இறக்கி வைப்பார்கள். சாப்பிடுகிறவர்கள் குட்டை முக்காலியில் அடுப்பைச் சுற்றிக் குந்துவார்கள். குழம்பு எல்லாருக்கும் ஒரே சட்டி. பீச் ரோட்டிலும் அந்த வழக்கம் இருந்ததாக அப்பா சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே சட்டியில் தொட்டுத் தின்றதை அவர் விவரிப்பதே தனி அழகு. சாப்பிட்டு முடித்தால் குச்சிகளை எண்ணிக் காசு. சுகாதாரம் கருதிப் பிற்பாடு ஆளுக்கொரு கிண்ணமாகிவிட்டது. அது சரியான மாற்றம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். 1970களின் தொடக்கத்தில் கிளப் எஸ்பிளனேடுக்கு இடம் மாறியது.

எங்கள் குடும்பத்தில் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. பாக் சிக் கடையில் மூன்று வகையும் ஒரே தொட்டியில்தான் வேகும். முதல் தடவை போனபோது அப்பா தயங்கியிருக்கிறார், கேட்கவில்லை. பாக் சிக் தானாகவே தொட்டியின் இடது கோடியில் கங்கை ஒதுக்கி, ஒரு செங்கல் துண்டை நடுவில் வைத்து, எங்கள் குச்சிகளை அங்கே தனியாகச் சுட்டார். எண்ணெய் தடவுவதற்கும் வேறு செராய்த் தண்டு. அதன் அடியை நசுக்கி நார் நாராக்கினால் அதுவே தூரிகை, மணமும் இறங்கும். எங்களுக்கென்று ஒரு தண்டு தனியாக ஒரு குவளையில் நிற்கும். அப்பா அந்தச் செங்கலைப் பற்றிக் கடைசிக் காலம்வரை பேசுவார். எங்களுக்கும் மாக் சிக்குக்கும் நடுவில் இருந்த ஹைனானியக் குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு சாத்தே உண்டு. பன்றி இறைச்சி, நடுவில் கொழுப்புத் துண்டு, குழம்பின் மேல் அரைத்த அன்னாசி. வீட்டில் செய்கிற நாளில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மாக் சிக் வீட்டுப் பெருநாளுக்கு அவர்கள் கொண்டுபோவது ஆரஞ்சுப் பழம் மட்டும். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்து நான் கேட்டதில்லை.

பாக் சிக் கரி விஷயத்தில் மிகவும் பிடிவாதக்காரர். பக்காவ் கரிதான் வேண்டும், அதாவது அலையாத்திக் காட்டு மரத்தின் கரி. பல வருடம் கழித்து, பேராக் மாநிலத்தில் தைப்பிங் பக்கத்தில் உள்ள கோலா செப்பெத்தாங்குக்குப் போனபோதுதான் அவர் பிடிவாதத்தின் காரணம் எனக்கு விளங்கியது. மாத்தாங் அலையாத்திக் காடு அங்கே ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முப்பது வருடம் வளர்ந்த மரத்தை வெட்டி, வெட்டிய இடத்தில் மறுபடி நட்டு வருகிறார்கள். கரிச்சூளைகள் செங்கல்லாலும் மண்ணாலும் கட்டிய பெரிய கவிழ்த்த சட்டி மாதிரி வரிசையாக நிற்கின்றன. தோலுரித்த கட்டைகளை உள்ளே நிறுத்தி அடைத்து, வாயிலில் மட்டும் தீ வைத்து, கட்டையிலுள்ள நீரை மெல்ல மெல்ல விரட்டுகிறார்கள். தீ கட்டையைத் தொடுவதில்லை, சூடுதான் வேலை செய்கிறது. தீ மூட்டியதிலிருந்து ஆறவிட்டு எடுக்க ஏறக்குறைய ஒரு மாதம். உள்ளே போன எடையில் கால்வாசிதான் கரியாக வெளியே வரும். அங்கே ஒரு தொழிலாளி சூளையின் ஓட்டையில் வருகிற புகையைக் கையால் விசிறி முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னும் மூன்று நாள் என்றார். வெப்பமானியைப் பார்க்கவில்லை.

அந்தக் கரி கல் போலக் கனக்கும். தட்டினால் கணீரென்று சத்தம் வரும். பொறி அதிகம் பறக்காது, சீக்கிரம் சாம்பலாகாது, ஒரே சூட்டில் நீடித்து எரியும். சாத்தே புகையை நாம் கரியின் புகை என்று நினைக்கிறோம். உண்மையில் நல்ல கரிக்குப் புகை குறைவு. கொழுப்பும் மசாலாவும் கங்கில் விழுந்து எரிந்து, அந்த ஆவி மேலே போய் இறைச்சியிலேயே திரும்பப் படிகிறதே, அதுதான் நாம் முகர்வது. விசிறி அதற்காகத்தான். கங்கைச் சிவக்கவைக்க வேண்டும், கொழுப்பு தீப்பிடித்தால் அந்தச் சுடரை அணைக்கவும் வேண்டும். பாக் சிக் இரண்டையும் ஒரே மணிக்கட்டில் செய்வார். அவருடைய வித்தையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் சரியாகக் கோக்காத குச்சியை எந்த மணிக்கட்டும் காப்பாற்றாது. அவரே சொல்வார், என் வேலை கடைசிப் பத்து நிமிடம்தான் என்று.

சாத்தே என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் அது 'சதை'யிலிருந்து வந்தது என்பார்கள். எங்கள் அப்பாவும் சொல்வார். பல அகராதிகள் அதை மலாய்ச் சொல் என்று குறிக்கின்றன. குச்சியில் கோத்துச் சுடுகிற பழக்கமே இந்திய, அரபு வணிகர்களின் கபாபைப் பார்த்து ஜாவாவின் தெரு வியாபாரிகள் தங்கள் மசாலாவில் உருவாக்கியது என்பது உணவு வரலாறு எழுதுகிறவர்கள் பலர் சொல்வது. சொல் யாருடையது என்கிற வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. குழம்பில் கிடக்கிற நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. அந்தக் கடலையைப் பொடியாக்காமல், பல்லில் நறுக்கென்று படுகிற பதத்தில் இடிக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது இந்தப் பக்கத்துக் கை ஒன்று. அந்தக் கைக்குப் பெயர் இல்லை.

இங்கேதான் எனக்கு ஒரு தீராத வருத்தம். சிங்கப்பூரில் 1968, 69இல் தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்துப் பதிந்தார்கள், ஏறத்தாழ 18,000 பேர். அவர்களை உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றும் வேலை 1986இல் முடிந்தது. 2020 டிசம்பர் 16ஆம் தேதி சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் ஏறியது. அன்றைக்கு நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன், மாக் சிக்குக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். ஆனால் உரிமம் இருந்தது கடைக்காரர் பெயரில். புகைப்படங்களில் இருப்பது அடுப்பும் விசிறியும். தரையில் கால் மடக்கி உட்கார்ந்து ஒரு நாளைக்கு முந்நூறு குச்சி கோத்த அந்த நாத்தனாரும், ஈர்க்குக் காலத்துப் பாட்டியும், கூடு பின்னிய எங்கள் அம்மாவும் எந்தத் தாளிலும் இல்லை. ஒவ்வொரு கடைக்குப் பின்னாலும் இப்படி ஒரு நடைபாதை இருந்தது. யார் வீட்டில் பிரசவம், யார் மகனுக்கு வேலை போயிற்று, யாருக்கு இந்த மாதம் வாடகை இடிக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் பேசித் தீர்த்தார்கள். கஷ்டத்தில் இருப்பவருக்கு அன்றைக்குக் கூடுதலாக இரண்டு கட்டுக் குச்சி ஒதுக்குவார் மாக் சிக். கடன் என்றோ உதவி என்றோ அதற்குப் பெயர் வைக்கவில்லை.

1995இல் எஸ்பிளனேட் சாத்தே கிளப்பை மூடினார்கள். அந்தப் பகுதியில் கலையரங்கம் வரவிருந்தது. டுரியான் முள் போன்ற கூரையோடு அது 2002இல் திறந்தது. சில கடைகள் வேறு இடங்களுக்குப் போயின. பாக் சிக் போகவில்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மூடுவதற்கு முந்தின வாரம் நாங்கள் கடைசியாகப் போனோம். இடது கோடியில் செங்கல் இருந்தது. அப்பா அன்றைக்குக் காசு கொடுக்கும்போது பாக் சிக் வாங்க மறுத்தார், அப்பா மேசையில் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் அந்தப் பணம் ஒரு கெத்துப்பாட் கூட்டுக்குள் சுருட்டி எங்கள் வீட்டுக் கதவுப் பிடியில் தொங்கிற்று.

இப்போது சாத்தே வேண்டுமென்றால் லாவ் பா சாட் உணவங்காடிக்குப் போகலாம். மாலையில் அதை ஒட்டிய பூன் டாட் ஸ்திரீட்டில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, தெருவிலேயே மேசைகளைப் போட்டுவிடுகிறார்கள். சுற்றிலும் வங்கிக் கட்டடங்கள், நடுவில் புகை. எனக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பல கடைகளுக்குக் குச்சி இப்போது மத்திய சமையற்கூடங்களிலிருந்து கோத்தே வருகிறது, இயந்திரத்தில் கோத்தவையும் உண்டு. துண்டுகள் ஒரே அளவு, ஒரே இடைவெளி. வெந்ததும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொழுப்பு எங்கே வர வேண்டும் என்று இயந்திரம் துண்டைப் பார்த்து முடிவெடுக்காது. உணவங்காடிக்காரர்களின் இடைநிலை வயது 60ஐ ஒட்டி இருக்கிற ஊரில், கோக்க ஆள் கிடைக்காத கடைக்காரர் வேறு என்னதான் செய்வார்? வீட்டில் கோத்து எடுத்துப் போகிற ஒரு சில குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. கடையில் கேட்டால் சொல்வார்கள். நான் கேட்டுத்தான் வாங்குகிறேன், ஒரு குச்சிக்கு இருபது காசு கூடக் கொடுப்பதிலும் எனக்கு யோசனையில்லை.

போன நோன்புப் பெருநாளுக்கு மாக் சிக்கைப் பார்க்கப் போனேன். மகள் வீட்டில் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார். பாக் சிக் இல்லை, எங்கள் அப்பாவும் இல்லை. சாயங்காலம் பேரப்பிள்ளைகள் மாடித் தாழ்வாரத்தில் சின்ன அடுப்பு வைத்துச் சுடப்போவதாகச் சொன்னார்கள். இறைச்சிப் பேசின் தரையில் இருந்தது, செய்தித்தாளும் விரித்திருந்தது. மாக் சிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் முடங்கிப்போனதால் அவரால் கோக்க முடியாது. நான் கீழே உட்கார்ந்தேன். என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், அவளுக்குப் பதினொரு வயது. ஒரு குச்சியை எடுத்து, வேகமாக நாலு துண்டைக் குத்தி, நல்லாயிருக்கிறதா என்று மாக் சிக்கிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். கட்டைவிரலால் நுனியைத் தடவினார். அப்புறம் குச்சியை என் கையில் கொடுத்தார். நான் நாலு துண்டையும் உருவிப் பேசினில் போட்டேன்.